சின்ன சூராவின் கடைசிச் சொல்

என் மகன் இறந்த பிறகு தொழுகையில் நான் ஒரே ஒரு சூராவைத்தான் ஓதிக்கொண்டிருந்தேன். குர்ஆனில் அதைவிடச் சிறிய அத்தியாயம் கிடையாது, மூன்றே வசனம். 'இன்னா அஃதைனா' என்று தொடங்கி 'அப்தர்' என்று முடிந்துவிடும். பெரிய சூராக்கள் எனக்கு மனப்பாடம் இல்லாமல் இல்லை. ஆனால் தொழுகைப் பாயில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் பிள்ளையின் முகம் முன்னால் வந்துவிடும். கையைக் கட்டி, எப்போதும் முதலில் ஓதும் அல்ஹம்தை முடித்து, அந்தச் சின்ன சூராவை ஒரே மூச்சில் சொல்லிக் குனிந்து நிமிர்ந்து எழுந்துவிடுவேன். தொழுகை முடிந்து சலாம் கொடுத்த மறு நொடி பாயைச் சுருட்டியாக வேண்டும்.

எழுத்துக்கூட்டி ஓதத் தெரியுமே தவிர, அர்த்தம் எதற்கும் தெரியாது. எங்கள் தெருவில் பெண்கள் யாருக்கும் தெரியாது. அப்படித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாரும் நினைத்ததும் இல்லை.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் பக்கத்தில், ஒரு கண்மாய்க்கரையை ஒட்டியது எங்கள் ஊர். முஸ்லிம் வீடுகள் ஒரே ஒரு தெரு. மற்றவர்கள் சம்சாரிகள், கம்பும் குதிரைவாலியும் மழையை நம்பிப் போடுகிறவர்கள். என் கணவருக்கு ஆட்டு வியாபாரம். நரிக்குடிப் பக்கத்துப் பட்டிகளில் வெள்ளாடு வாங்கிவந்து, கொல்லையில் கட்டித் தீனி போட்டுத் தேற்றி, காரியாபட்டிச் சந்தைக்கோ அருப்புக்கோட்டைக்கோ ஓட்டிப்போவார். வீட்டில் எப்போதும் ஆட்டுச் சத்தம் இருக்கும். என் மகன் தவழ்ந்ததே அந்த ஆடுகளின் கால்களுக்கு நடுவில்தான்.

உலகச் சண்டைக் காலம் அது. அரிசிக்கு ரேஷன் கார்டு வந்திருந்தது. எங்கள் ஊருக்குச் சண்டையைவிட மழைதான் பெரிய கவலை. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஊருணியில் தண்ணீர் கீழே போய், சேறும் தண்ணீருமாக ஊறியதை மொண்டு துணியில் வடிகட்டிக் குடித்தோம். வீட்டுக்கு வீடு வாந்திபேதி வந்தது. காலையில் குட்டி ஒன்றின் பின்னால் கத்திக்கொண்டு ஓடியவன், மறுநாள் சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் அடங்கிவிட்டான். அப்போதுதான் கோர்வையாகப் பேசப் பழகியிருந்தான். அவனுடைய அத்தா, என் கணவர், முதல் நாள் காலையிலேயே காரியாபட்டிச் சந்தைக்குக் கிளம்பிப் போயிருந்தார். ஆள் போய்ச் சொல்லி அவர் வந்து சேர்ந்தபோது பிள்ளையைக் குளிப்பாட்டி வெள்ளைத்துணி சுற்றி வைத்திருந்தோம். அவர் முகத்தை மட்டும் திறந்து பார்த்தார். பிறகு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்குமே இருப்புக் கொள்ளவில்லை. அவர் ஒரு சந்தையிலிருந்து வந்த கையோடு அடுத்த சந்தைக்குக் கிளம்புவார். முன்பெல்லாம் போகாத ஊருக்கெல்லாம் போனார். வீட்டில் இருக்கும் ஒன்றிரண்டு நாளிலும் கொல்லையில் ஆடுகளை அவிழ்த்து இடம் மாற்றிக் கட்டிக்கொண்டே இருப்பார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போய்க்கொண்டே இருந்தேன். பானை நிறைந்திருக்கும், இருந்தாலும் போவேன். அங்கே தண்ணீருக்கு வரும் சம்சாரி வீட்டு அக்கா ஒருத்தி ஒருநாள் என் குடத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

"இப்பத்தான தாயி கொண்டுபோன? வீட்ல யாரு அம்புட்டுத் தண்ணி குடிக்கா?"

குடத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவள் கையை எடுத்துவிட்டாள். மறுநாள் முதல் நான் எத்தனை தடவை வந்தாலும் அவள் கேட்கவில்லை.

நானும் அவரும் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆடு, தீனி, சந்தை, மழை, இவைதான் பேச்சு.

இப்படியே ஒரு வருஷம் ஓடியபின், அருப்புக்கோட்டையிலிருந்து அழைப்பு வந்தது. என் கணவரின் அண்ணன் அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவருக்கு ஆண்பிள்ளைகளாகவே பிறந்து வீடு நிறைந்திருந்தது. கடைக்குட்டிக்குச் சுன்னத்து வைத்திருந்தார்கள். போகாமல் இருக்க முடியாது. கரி பஸ்ஸில் போனோம். பெட்ரோல் கிடைக்காத காலமென்பதால் பஸ்ஸின் பின்னால் பெரிய உருளையை மாட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டுப் புகையில் ஓட்டுவார்கள். மேடு வந்தால் மூச்சுவாங்கி நின்றுவிடும். ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். என் கணவர் ஒவ்வொரு தடவையும் முதல் ஆளாக இறங்கினார். உட்கார்ந்திருப்பதைவிடத் தள்ளுவது அவருக்குச் சுலபமாக இருந்தது போல.

பெரிய மச்சான் என்று நான் கூப்பிடும் அந்த அண்ணன் வீட்டில் கூட்டம். ஜரிகைத் தொப்பியும் மாலையுமாகப் பையனை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். நான் ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன். ஆண்களுக்கு முன்கட்டில் பந்தி. பெண்களுக்குத் திரைக்கு இந்தப் பக்கம். தட்டில் சோறு வைத்துக் கறி ஊற்றியிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து பெரிய மச்சானின் குரல் கேட்டது. அவர் சின்ன வயதில் ஓரிரு வருஷம் மதரஸாவில் ஓதியவர். பேச்சில் இரண்டு அரபு வார்த்தை கலக்காமல் அவருக்குப் பேச வராது.

"எனக்கு அல்லா கொறை வைக்கல. எந் தம்பிதான் பாவம், அப்தராப் போயிட்டான். பின்னால பேர் சொல்ல ஒரு புள்ள இல்ல. இன்னொரு நிக்காஹ் முடிச்சுவைப்போம்னு பாக்குறேன். வாயத் தொறக்க மாட்டேங்கான்."

யாரோ "அதான் சரி, அதான் சரி" என்றார்கள். என் கணவரும் அந்தப் பந்தியில்தான் இருந்தார்.

இன்னொரு நிக்காஹ் என்ற பேச்சு எனக்குப் புதிதல்ல. ஊரில் அரசல்புரசலாகக் கேட்டதுதான். என்னை அடித்தது அந்த ஒற்றைச் சொல். அப்தர். ஐந்து வேளையும் என் நாக்கு சொல்லிக்கொண்டிருக்கும் சொல். மகனை மறக்க நான் ஓதி ஓதி ஓடிய சூராவின் கடைசிச் சொல். அது எப்படி என் கணவரைப் பற்றிய பேச்சில் வந்தது? சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது. என் ஓர்ப்படி, பெரிய மச்சானின் மனைவி, இன்னும் கொஞ்சம் கறி ஊற்ற வந்து என் தட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போனாள். அவளுக்கும் கேட்டிருக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரிடம் கேட்டேன்.

"ஏங்க, அப்தர்னா என்ன?"

அவர் வெளியே பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ள இல்லாதவன்னு அர்த்தமா இருக்கும். பாவப்பட்டவன்னு வச்சுக்க."

"அது குர்ஆன்ல வருதுங்க. நான் தெனமும் ஓதுற சூராவுல."

அவர் திரும்பிப் பார்த்தார். "குர்ஆன்ல வந்தா நல்ல வார்த்தையாத்தான் இருக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணன் கெட்டதா நெனச்சுச் சொல்லியிருக்க மாட்டாக" என்றும் சொன்னார்.

அதோடு அந்தச் சூரா எனக்குக் கெட்டுப்போயிற்று. தொழுகையில் நின்று இரண்டாம் வசனம் வரைக்கும் போவேன். மூன்றாவதில் நாக்கு கட்டிக்கொள்ளும். நான் என்னைத்தானே திட்டிக்கொண்டிருக்கிறேனோ? இத்தனை மாதமும் என் வீட்டை நானே சபித்துக்கொண்டிருந்தேனோ? வேறு சூரா ஓதலாம் என்றால் அது நீளம். நீளமாக நின்றால் பிள்ளை வந்துவிடுவான். தொழுகையைப் பாதியில் முறித்துவிட்டு எழுந்து கொல்லைக்குப் போய் நின்ற நாட்கள் உண்டு.

எங்கள் தெருவில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் அம்மாவிடம் போய்க் கேட்டேன். சின்ன வயதில் இல்லாவிட்டாலும், கல்யாணமாகி வந்தபின் எனக்கும் அவர்தான் தஜ்வீதை, ஓதும் உச்சரிப்பை, திருத்திக்கொடுத்தவர். முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார்.

"அர்த்தமா? அதெல்லாம் ஓதிப் படிச்ச ஆலிம்சாக்க பாத்துக்குவாக. நீ ஓது, எழுத்துக்கு எழுத்து நன்ம இருக்கு. தோண்டித் துருவுனா மனசுதான் கெடும்."

மனசு ஏற்கனவே கெட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. முறத்திலிருந்து சிதறிய கம்பைப் பொறுக்கிப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ரம்ஜானுக்கு முன்னால் மதரஸாக்களுக்கு லீவு விடுவார்கள். என் கணவரின் தங்கையை மணந்தவர் அப்போது வடக்கே ஒரு மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தார். படிப்பு முடிய இன்னும் காலம் இருந்தது. என்னைவிடச் சின்னவர். தாடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. லீவில் வந்தவர் எங்களைப் பார்க்க வந்து, முன்னறையில் பாயில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். என் கணவர் கொல்லையில் ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"தம்பி, இன்னா அஃதைனா சூரா அல்லாகிட்டருந்து எதுக்கு எறங்குச்சு?"

அவர் மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். பெண்கள் யாரும் அவரிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை என்பது அவர் தயங்கியதில் தெரிந்தது.

"பல ரிவாயத்து இருக்குக்கா. ஒரே மாதிரி எல்லாரும் சொல்லல."

"உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க."

அவர் சொன்னார். முதலில் கிதாபில் உள்ள மாதிரி இறுக்கமாக ஆரம்பித்து, போகப்போக எங்கள் பேச்சுக்கு வந்துவிட்டார். பெருமானாருக்கு, நபிகள் நாயகத்துக்கு, ஆண்பிள்ளைகள் பிறந்தன. மக்காவில் பிறந்தவை பாலகப் பருவத்திலேயே மவுத்தாகிவிட்டன. மூத்த மகன் தவறிய சமயம் என்று சிலர் சொல்கிறார்கள், அடுத்த மகன் தவறிய சமயம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். மக்காவின் பெரிய மனிதர்களில் ஒருவன், யாரோ பெருமானாரைப் பற்றிப் பேச்செடுத்தபோது, 'அவரை விடுங்க, அவர் அப்தர்' என்றான். ஆண்மக்கள் இல்லாதவர், செத்தால் பேரோடு முடிந்துபோவார், அப்புறம் நமக்குத் தொல்லையில்லை என்று அர்த்தம்.

"புள்ள செத்த வீட்டப் பாத்தா சொன்னான்?" என்றேன்.

"ஆமாக்கா. கபர் மண்ணு காயறதுக்குள்ள."

அந்தப் பெரிய மனிதனுக்கு எத்தனை பிள்ளைகளோ. அவன் வீட்டிலும் பையனை நாற்காலியில் வைத்து மாலை போட்டிருப்பான் என்று ஏதோ நினைத்தேன்.

"அப்தர்னா சொல்லுக்குச் சொல் என்ன அர்த்தம்?"

"வால் அறுந்ததுன்னு அர்த்தம். வாலறுந்த மிருகத்துக்குத்தான் அரபியில அந்த வார்த்தையச் சொல்லுவாக. அப்பறம் மனுசனுக்கு வந்துச்சு. பின்னால ஒண்ணும் இல்லாதவன்னு."

கொல்லைப்புறக் கதவில் நிழல் விழுந்தது. என் கணவர் தழையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"வாலறுந்ததா?" என்றார்.

"ஆமா மச்சான்."

ஆட்டு வியாபாரிக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வால் அறுந்த ஆட்டைச் சந்தையில் எல்லோரும் தடவிப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டுப் போவார்கள். பெருநாளுக்கு அறுக்கும் குர்பானிக்கு அதை வாங்கவே மாட்டார்கள். தன்னைத் தன் அண்ணன் பந்தியில் வைத்து என்னவென்று சொன்னார் என்பது அவருக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. தழை கையிலிருந்து நழுவியது. ஆடு ஒன்று உள்ளே வந்து அதைத் தின்னத் தொடங்கியது, யாரும் விரட்டவில்லை.

நான் விடவில்லை. "அல்லா அதுக்கு என்ன சொன்னான், அதச் சொல்லுங்க."

"உங்களுக்குக் கவ்ஸரக் கொடுத்திருக்கோம்னு முதல் வசனம். அதனால உங்களப் படச்ச ரப்புக்காகத் தொழுங்க, குர்பானி கொடுங்கன்னு ரெண்டாவது. உங்கள வெறுக்கறானே, அவந்தான் அப்தர்னு மூணாவது. அப்டிச் சொன்னவனுக்கு ஆம்பளப் புள்ளைக இருந்துச்சு, கடைசியில அவுகளும் பெருமானார் பக்கம் போயிட்டாக."

"கவ்ஸர்னா?"

"சொர்க்கத்துல ஓடுற ஆறு. பாலவிட வெள்ளை, தேனவிட இனிப்பு, ஒருதரம் குடிச்சவனுக்குத் தாகமே எடுக்காது. இல்ல, அது ஆறு மட்டுமில்ல, கணக்கில்லாத நன்மை, அதுல ஒண்ணுதான் ஆறுன்னும் சொல்றாக."

ஆறு. ஊருணித் தண்ணீரைக் குடித்துச் செத்த பிள்ளையின் தாயிடம் அவர் ஆற்றைப் பற்றிச் சொல்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

"பெருமானாருக்கு ஆறு கொடுத்தான், சரி. எனக்கு என்ன கொடுத்தான் தம்பி? இவுகளுக்கு என்ன கொடுத்தான்?"

இப்படிக் கேட்பது பாவமோ என்று பயந்தேன். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கவும் இல்லை. அந்தப் பையன் ஹதீஸ் ஒன்றைச் சொல்லி என் வாயை அடைத்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை.

"தெரியலக்கா" என்றார். பிறகு தனக்குத்தானே யோசிப்பவர் போல, "ஒண்ணு மட்டும் கவனிச்சிருக்கேன். அந்தச் சூராவுல, இன்னொரு மகன் தர்றேன்னு அல்லா சொல்லல. புள்ள போச்சு, அந்த எடத்துக்கு வேற புள்ளன்னு பேச்சே இல்ல. பின்னால மதீனாவுல ஒரு மகன் பொறந்தாக, அவுகளும் சின்னதுலயே போயிட்டாக. பெருமானார் அந்தப் புள்ளைய மடியில வச்சுக்கிட்டு அழுதாக. கூட இருந்தவுக, நீங்களுமா அழுவறீகன்னு கேட்டாக. கண்ணு அழுவுது, நெஞ்சுக்குள்ள கல்பு நோவுதுன்னு சொன்னாக."

"அழுதாகளா?"

"அழுதாக."

எனக்கு அதை யாரும் சொன்னதில்லை. மகன் இறந்த அன்று நான் அலறியபோது, பொறுமை, பொறுமை, அழுதால் மய்யித்தான பிள்ளைக்கு வேதனை என்று வாயைப் பொத்திய கைகளே எனக்கு நினைவிருந்தன. என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். பையன் செம்பை எடுத்து மிச்ச மோரைக் குடித்துவிட்டு, தொழுகை நேரம் என்று சொல்லிப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது.

அந்த நாளோடு அமைதி வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வரவில்லை. முன்பாவது ஓட ஒரு சூரா இருந்தது. இப்போது அதை ஓதும்போது ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கி நின்றேன். பிள்ளையும் வந்தான். வந்தால் வரட்டும் என்று நின்றேன், கண்ணில் தண்ணீர் ஓட. ஆனால் பகலில் இன்னும் அதிகமாகப் பரபரத்தேன். என் கணவர் சந்தைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். அது என்னை மேலும் கலக்கியது. அண்ணனிடம் போய் ஏதாவது செய்துவிடுவாரோ என்று அவர் துண்டை எடுத்தால் எனக்குத் திக்கென்றது.

அவர் போகவில்லை. பெரிய மச்சான்தான் வந்தார்.

ரம்ஜான் கழிந்து கொஞ்ச நாளில், அருப்புக்கோட்டைக்காரர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, வாழைப்பழச் சீப்பும் கற்கண்டுமாக வந்து இறங்கினார். பாலவனத்தத்துப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறாராம். விதவை, வயதும் அதிகமில்லை, நல்ல குடும்பம். நாள் வைத்துவிடலாம் என்று அவராகவே வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். கூட வந்தவர்கள் பெண்ணின் சொந்தக்காரர்கள்.

நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. என் கணவர், "யாரக் கேட்டுண்ணே பேசுனீக?" என்றார்.

"ஒன்னக் கேட்டாப் பேச முடியும்? வாயே தெறக்க மாட்டேங்கற. ஒனக்குப் பின்னால யாருடா இருக்கா?"

டீச்சட்டியை இறக்கி வைத்தேன். கணவரின் அண்ணன் முன்னால் நான் அதுவரை குரல் எழுப்பியதில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"பெரிய மச்சான், அன்னிக்குப் பந்தியில இவுகள அப்தர்னு சொன்னீகளே. அந்த வார்த்தைய மொதல்ல யாரு யாரப் பாத்துச் சொன்னதுன்னு தெரியுமா?"

வந்தவர்களில் ஒருவர் கதவைப் பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, என்னமோ பேச்சுவாக்குல..."

"பெருமானாரோட புள்ள செத்தப்போ, பெருமானாரப் பாத்து ஒரு எதிரி சொன்னது. அதுக்குத்தான் அந்தச் சூரா எறங்குச்சு. அவனுக்கு ஆம்பளப் புள்ளைக இருந்துச்சு. கடைசியில அந்த மக்களே அவன் பக்கம் நிக்கல. இவுகள நீங்க அப்டிச் சொல்லலாம். எம் புள்ளைக்கும் அதுல பங்கு இருக்குல்ல? அவன் இல்லாமப் போனதச் சொல்லித்தான நீங்க சிரிச்சீக?"

"நான் சிரிக்கல!" என்றார் பெரிய மச்சான். குரல் உடைந்திருந்தது. "சத்தியமாச் சிரிக்கல. அரபுல ஒரு வார்த்தை தெரியும்னு சொல்லிட்டேன். அதுக்குள்ள இம்புட்டு இருக்கும்னு எனக்கு என்ன தெரியும்?"

அது உண்மைதான் என்று எனக்கே தோன்றியது. அவர் கெட்டவர் இல்லை. என் மகனை மடியில் வைத்துக் கற்கண்டு ஊட்டியவர். நான் இன்னும் என்னவெல்லாமோ சொல்லத் தயாராக நின்றவள், அடுப்படிப் பக்கம் திரும்பினேன்.

என் கணவர் எழுந்து, வந்தவர்களிடம் கைகூப்பாத குறையாகச் சொன்னார். "மன்னிச்சுக்கங்க. உங்க வீட்டுப் புள்ளைக்கு நல்ல எடமா அமையும். எனக்கு வேணாம்." பிறகு அண்ணனைப் பார்த்து, "பின்னால யாரும் இல்லாமப் போனாப் போகுதுண்ணே. கூட இருக்கறவ இருக்கா" என்றார்.

டீ குடிக்காமலே போய்விட்டார்கள். பழச்சீப்பு பாயில் கிடந்தது. அதைச் சம்சாரி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பு எனக்கு ஒரு நாழிகைகூட இல்லை. வேறு ஒருத்தி வந்திருந்தால் இவருக்குப் பிள்ளை பிறந்திருக்குமோ? நான் குறுக்கே நின்றுவிட்டேனோ? அந்த விதவைப் பெண் யாரோ, அவள் காதுக்கு இது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ? இவற்றையே சுற்றிச் சுற்றி நினைத்தேன். கணவரிடம் கேட்டபோது, "ஆட்டுக்குத் தண்ணி வச்சியா?" என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. வருஷாவருஷம் குர்பானிக்கு ஊர் ஊராக ஆடு விற்றவர், தன் வீட்டில் அதுவரை கொடுத்ததில்லை. கொடுக்கிற வசதி எங்களுக்கு இல்லை. அந்த வருஷமும் வசதி ஒன்றும் வந்துவிடவில்லை. இருந்தும் கொல்லையில் நின்றதில் நல்ல கிடா ஒன்றை வியாபாரத்துக்கு இல்லை என்று தனியாகக் கட்டினார். "தொழுங்க, குர்பானி கொடுங்கன்னு இருக்குன்னு தங்கச்சி மாப்ள சொன்னாப்லல்ல? தொழுகைய நீ பாத்துக்கிட்ட. இத நான் பாக்குறேன்" என்றார். பெருநாள் காலையில் தொழுதுவிட்டு வந்து அவரே அறுத்தார். ஊரில் வசதி இல்லாதவர் வீடுகளுக்கு ஒரு பங்கு போயிற்று. எங்களுக்கு ஒரு பங்கு. சொந்தத்துக்கான பங்கை ஒரு பாத்திரத்தில் வைத்து மூடிக் கட்டி, "கெளம்பு, அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வருவோம்" என்றார்.

பஸ் ஏறியதிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. பாத்திரத்தை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால்? பெருநாள் அன்று வாசலில் நிற்க வைத்துவிட்டால்? பஸ் நின்று நின்று போனது. மேட்டில் அவர் இறங்கவில்லை, மற்றவர்கள் தள்ளினார்கள். பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

என் ஓர்ப்படி கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். பிள்ளைகள் புதுச்சட்டையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். சுன்னத்து வைத்த கடைக்குட்டி வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் அவனைத் தூக்கினேன். என் மகன் போனபின் எந்தப் பிள்ளையையும் நான் தூக்கவில்லை.

பெரிய மச்சான் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, இங்க பள்ளிவாசல் இமாம்கிட்ட அந்தச் சூராவுக்கு அர்த்தம் கேட்டேன்."

நான் பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டேன்.

"கேக்காமலே இருந்திருக்கலாம்" என்றார். "இப்ப அந்தச் சூரா ஓதுற இமாமுக்குப் பின்னால நிக்கவே வெக்கமா இருக்கு."

என் ஓர்ப்படி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அழுகையும் சேர்ந்தே வந்தது. அதற்குமேல் அவர் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. நாங்கள் கொண்டுபோன கறியைத்தான் அன்று அந்த வீட்டில் ஆக்கினார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் திரும்பும்போது பஸ் திருச்சுழியோடு நின்றுவிட்டது. கரி தீர்ந்துபோயிற்று என்றார்கள். இறங்கி நடந்தோம். வெயில் தணிந்திருந்தது. உடைமரங்களுக்கு நடுவே வண்டிப்பாதை. அவர் எப்போதும் எனக்கு முன்னால் வேகமாக நடப்பவர். அன்று என்னோடு சேர்ந்து நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்:

"அன்னிக்கு அவன் எங்கூடச் சந்தைக்கு வாரேன்னு அழுதான். தெரியுமா ஒனக்கு?"

எனக்குத் தெரியாது.

"வேட்டியப் பிடிச்சுக்கிட்டு அழுதான். வெயிலு, வேணாம்னு விட்டுட்டுப் போனேன். கூட்டிட்டுப் போயிருந்தா அந்தத் தண்ணியக் குடிச்சிருக்க மாட்டான்."

"காரியாபட்டியில மட்டும் என்ன தண்ணி?" என்றேன். "அங்கயும் அன்னிக்கு ஜனங்க செத்தாகளே."

"ஆமா" என்றார். பிறகு பேச ஆரம்பித்தார். பிள்ளை ஆட்டுக்கு வைத்த பேர்களைச் சொன்னார். கிடாவின் முதுகில் ஏற்றிவிடச் சொல்லி அடம்பிடித்ததைச் சொன்னார். 'சந்தை' என்று வராமல் 'தந்தை' என்பானே என்றார். நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிட்டு, இல்லை அப்படி இல்லை இப்படி என்று திருத்தி, ஊர் எல்லை வரும்வரைக்கும் பேசிக்கொண்டே வந்தோம். இரண்டு பேரும் அழுதோம். எதிரே வந்த வண்டிக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மாட்டைத் தட்டினார்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. எனக்கு உட்கார்ந்து ஓயும் சுபாவமும் கடைசிவரை வரவில்லை. இவர் மட்டும் தூரத்துச் சந்தைகளை விட்டுவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஆடுகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன. அவர் தழைக்கட்டை அவிழ்க்கப் போனார். நான் தொட்டியில் தண்ணீர் ஊற்றினேன்.